குறியும் நெறியும்: நாட்டுத் துப்பாக்கி வேட்டையும் ஃபத்ஹுல் முஈன் வகுத்த எல்லையும்

நம் அரபுக் கல்லூரிகளில் ஃபத்ஹுல் முஈன் ஓதிக்கொடுக்கப்படும்போது, வேட்டையும் அறுப்பும் பற்றிய பகுதிக்கு வந்ததும் மாணவரிடையே ஒரு சலிப்புத் தோன்றுவதை ஒவ்வோராண்டும் கண்டுவருகிறோம். "இக்காலத்தில் யார் ஹஜ்ரத் வேட்டைக்குப் போகிறார்கள்?" என்று கேட்பர். உண்மையைச் சொன்னால் நாமும் அவ்வரிகளைப் பல ஆண்டுகள் விரைந்து கடந்தவர்களே. அவ்விடத்தில் நம்மை நின்று சிந்திக்க வைத்தவை இரண்டு: ஒரு பழைய மாணவரின் கடிதம், செம்மநத்தத்தில் கழிந்த ஒரு பிற்பகல்.

நம்மிடம் ஓதி, பின்னர்க் கணினித்துறை பயின்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பணிபுரியும் அம்மாணவர் எழுதியிருந்தார்: அந்நாட்டில் குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கென்றே தனி வேட்டைப் பருவம் ஒதுக்கியுள்ளனர். கொலராடோவில் அப்பருவத்தில் துப்பாக்கியின்மேல் இரும்புக் குறி மட்டுமே இருக்கலாம். தொலைநோக்கிக் கண்ணாடி கூடாது. வேறு சில மாநிலங்களில் கண்ணாடிக்கும் அனுமதி உண்டு. உடன் பணிபுரிவோர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகின்றனர். "கண்ணாடி வைத்தால் குறி தப்பாது, பிராணி துன்புறாது என்கின்றனர் ஒரு சாரார். அது வேட்டையே அன்று என்கின்றனர் மறுசாரார். என்னையும் அழைக்கின்றனர். நம் நூல்களில் இதற்கு வழி உண்டா?" என்பது அவருடைய வினா.

கடிதம் வந்த சில வாரங்களில் சேலத்தில் ஒரு நிக்காஹுக்குச் செல்ல நேர்ந்தது. மறுநாள் நண்பர் ஒருவர் இருபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறிக் கடந்து நம்மை ஏற்காட்டிற்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்து செம்மநத்தம் சென்றோம். காப்பிச் செடிகளும் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும் சூழ்ந்த மலைச் சிற்றூர் அது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் பகுதி. கேரளத்திற்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் தாங்கள் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்றவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியமர்ந்தனர் என்றும் அவர்களிடையே வழிவழிச் செய்தி உண்டு.

நண்பருக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். அவருடைய தந்தையார் காலத்தில் பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி அவ்வீட்டில் இருந்ததாம்; அதனை ஒப்படைத்து நெடுங்காலம் ஆயிற்று. "குறி எப்படிப் பார்ப்பீர்கள் ஐயா?" என்று வினவினோம். அவர் கைத்தடியை எடுத்துக் கன்னத்தோடு அணைத்துக் காட்டினார். "நுனியில ஒரு பித்தளைப் பொட்டு இருக்கும் பாய். பின்னால ஒண்ணும் கிடையாது. கன்னம் கட்டையில எப்பவும் ஒரே எடத்துல படியணும். அதுதான் பின்குறி" என்றார். எவ்வளவு தொலைவு சுடுவீர்கள் என்றோம். "அம்பது தப்படிக்கு மேல சுட்டா எங்கப்பா திட்டுவாரு. கிட்டப் போகத் தெரியாதவன் கையில துப்பாக்கி இருக்கக் கூடாதும்பாரு. தூரத்துல அடிச்சா அது காயத்தோட போயிடும் பாய். அந்தப் பாவம் ஊட்டுக்கு வரும்."

நாம் ஆண்டுதோறும் ஓதிக்கொடுத்துக் கடந்த வரிகள் அக்கணம் நம் நினைவிற்கு வந்தன. அவற்றைப் பற்றிப் பேசுமுன், அக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது பொருந்தும்.

சொற்கள் கூறும் வரலாறு

துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கிய மொழியின் துஃபெக், பாரசீகத்தின் துஃபங்க் ஆகிய சொற்களின் உறவு. அரபியர் இதனை புந்துக்கிய்யா என்பர். புந்துக் என்பது ஒருவகைக் கொட்டை. அதன் வடிவில் உருட்டிய களிமண் உண்டைக்கும் அதுவே பெயராயிற்று. உண்டைவில்லில் வைத்து அடித்த அம்மண்ணுருண்டையின் பெயரே பின்னர் ஈயக்குண்டிற்கும் அதனை எறியும் கருவிக்கும் தாவியது. இப்பெயர்த் தாவல் ஃபிக்ஹு நூல்களில் ஒரு பெரும் வினாவை எழுப்பியதைப் பின்னர்க் காண்போம்.

வெடிமருந்தில் உள்ள மருந்து என்னும் சொல்லும் கருதத்தக்கது. இடைக்கால அரபுப் போர்நூல்கள் இக்கலவையைத் தவா என்றன. பாரசீகமும் உருதும் தாரூ என்றன. இரண்டும் நோய் தீர்க்கும் மருந்தையே முதற்பொருளாகக் கொண்டவை. தமிழரும் அதே வழியில் மருந்து என்றனர். ஸ்பெயின் நாட்டு மாலகாவில் பிறந்து 1248இல் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்பைச் சீனப் பனி என்னும் பெயரால் குறித்தார். சிரியாவில் வாழ்ந்து 1295ஆம் ஆண்டளவில் மறைந்த ஹஸன் அர்-ரம்மாஹ், வெடியுப்பை மரச்சாம்பல் கொண்டு தூய்மை செய்யும் முறையையும் நூற்றுக்கும் மேற்பட்ட கலவைகளையும் தம் நூலில் எழுதிவைத்தார். சீனத்தில் தோன்றிய கலை முஸ்லிம் உலகின் வழியாகச் செப்பமுற்று மேற்கே சென்ற வரலாற்றின் தடங்கள் இவை.

குறிக்கும் பெயர்கள் உண்டு. துப்பாக்கியின் முன்குறியை அரபியில் ஷயீரா என்பர். வாற்கோதுமை மணி என்பது பொருள். ஆங்கிலேயரும் ஒருவகை முன்குறியை அத்தானியத்தின் பெயராலேயே அழைத்தனர். உருதில் அது மக்கீ, அதாவது ஈ. பின்குறியின் பிளவை அரபியர் ஃபுர்ழா என்பர். பிளவின் நடுவே மணியை நிறுத்தி, மணியின்மேல் இலக்கை நிறுத்துவதே இரும்புக் குறியின் முழுக் கலையும் ஆகும்.

இரும்புக் குறியும் கண்ணாடிக் குறியும்

துப்பாக்கிக்கு முன்பே குறிபார்ப்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. அரபு வில்வித்தை நூல்கள் அபூ ஹாஷிம், தாஹிர் அல்-பல்கீ, இஸ்ஹாக் என மூன்று பேராசான்களைக் கூறும். இலக்கை வில்லின் வெளிப்புறமாக நோக்குவதா, உட்புறமாக நோக்குவதா, இரண்டையும் இணைப்பதா என்று வில்லாளர் பிரிந்து நின்றதையும் அந்நூல்கள் பதிவு செய்கின்றன. எறிதலே வலிமை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி அக்கலைக்கு மார்க்கத்தில் ஓர் இடம் அளித்தது. அதனாலேயே குறிபார்ப்பது கற்றோரின் ஆய்வுப் பொருளும் ஆயிற்று.

கண் எவ்வாறு காண்கிறது என்னும் வினாவிற்கு விடை தந்தவர் பஸ்ராவில் பிறந்து, 1040ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று கிரேக்க அறிஞர் பலர் கருதியிருக்க, பொருளிலிருந்து வரும் ஒளியே நேர்கோட்டில் கண்ணை அடைகிறது என்று கிதாபுல் மனாழிர் என்னும் ஏழு பகுதிகள் கொண்ட நூலில் அவர் நிறுவினார். இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல் ஐரோப்பிய ஒளியியலுக்கு அடித்தளம் ஆயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடியும், 1608இல் ஒல்லாந்தில் தொலைநோக்கியும் தோன்றின.

அத்தொலைநோக்கி துப்பாக்கியின்மேல் ஏற மேலும் இரு நூற்றாண்டுகள் ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் துப்பாக்கித் தச்சர்கள் நீண்ட கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தத் தொடங்கினர். பம்பாய்ப் படையில் பணியாற்றிய டேவிட் டேவிட்சன் என்னும் அதிகாரி வடிவமைத்த கண்ணாடி, விட்வொர்த் துப்பாக்கியின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்டது. விட்வொர்த்தும் வாய்வழி மருந்திடும் துப்பாக்கியே. எனவே, பழந்துப்பாக்கிக்குக் கண்ணாடி புதிதாக வந்த ஒட்டு என்று கூறுவார் கூற்று வரலாற்றோடு பொருந்தாது. கண்ணாடி முதலில் ஏறியதே அவ்வகைத் துப்பாக்கியின்மேல்தான்.

இரும்புக் குறியின் இடர் யாது? பின்பிளவு, முன்மணி, இலக்கு என மூன்றும் மூன்று தொலைவில் உள்ளன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றையே தெளிவாகக் காணும். இளமையில் கண் விரைந்து மாறி மாறி நோக்கிச் சமாளிக்கும். நாற்பதைக் கடந்து சாளேசுவரம் வந்தபின் பின்பிளவு மங்கும். கிதாபின் ஓரத்திலுள்ள ஹாஷியாவைக் கண்ணாடியின்றி ஓதமுடியாத நமக்கு இது விளக்க வேண்டுவதன்று. தொலைநோக்கிக் கண்ணாடியில் குறிக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தோன்றுவதால் இவ்விடர் நீங்குகிறது. மங்கலான வெளிச்சத்தில் மானா மனிதரா என்று பிரித்தறியவும் அது உதவும்.

ஆயின் அதற்கும் குறைகள் உண்டு. கண்ணாடிவழிக் காணும் வட்டம் சிறிது. அவ்வட்டத்திற்கு வெளியே யார் வருகிறார் என்பது தெரியாது. மழைத்துளியும் மலைப்பனியும் அதனை மறைக்கும். செம்மநத்தத்துப் பெரியவர் கூறிய நாட்டுத் துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. சுழல்வரிகள் இல்லாததால் குண்டு ஐம்பது, அறுபது தப்படிக்கு அப்பால் தன் வழியே செல்லும். அதன்மேல் எத்துணைச் சிறந்த கண்ணாடி வைப்பினும் கண் கூர்மையுறுமேயன்றிக் குண்டு நேராகாது. சுழல்வரி உள்ள இக்கால வாய்வழித் துப்பாக்கியிலோ நிலை வேறு. கண்ணாடி வைத்தால் இருநூறு தப்படிக்கும் எட்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2016இல் இப்பருவத்தில் பெருக்கிக் காட்டும் கண்ணாடியை அனுமதித்துவிட்டு, 2024இல் அதனைத் திரும்பப் பெற்றது. எட்டும் தொலைவு கூடக்கூட அப்பருவத்தின் நோக்கமே மாறிப்போனதுதான் காரணம்.

பொன்னானியில் எழுந்த நூல்

இனி நம் நூலுக்கு வருவோம். ஃபத்ஹுல் முஈனின் ஆசிரியர் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்), மலபாரின் பொன்னானியில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மக்காவின் இமாம் இப்னு ஹஜர் அல்-ஹைத்தமீ (ரஹ்) அவர்களின் மாணவர். குர்ரத்துல் ஐன், அதாவது கண்குளிர்ச்சி, என்னும் தம் சிறுநூலுக்குத் தாமே எழுதிய விரிவுரை அது. போர்ச்சுக்கீசியர் 1498இல் மலபார்க் கரையில் இறங்கியபின் துப்பாக்கியும் பீரங்கியும் அக்கரையின் அன்றாடக் காட்சிகள் ஆயின. அப்போராட்டத்தைத் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் வரலாற்று நூலாக எழுதியவரும் இவரே. ஆகவே, துப்பாக்கியைப் பற்றிய இவர் தீர்ப்பு அதனைக் கேள்வியால் மட்டும் அறிந்தவரின் தீர்ப்பன்று.

அவர் கூறுவதன் சாரம் இது: பழங்காலத்துக் களிமண் உண்டையால் வேட்டைப் பிராணியை எறிவது ஏற்கப்பட்ட கருத்தின்படி ஆகுமானது. இக்காலத்து இரும்பினால் ஆகி, நெருப்பினால் எறியப்படும் குண்டினால் எறிவது கூடாது. ஏனெனில், அது எரித்து விரைவில் உயிர்போக்கிவிடும். இதன்பின் தம் ஆசிரியர் இப்னு ஹஜர் அவர்களின் ஒரு விதிவிலக்கைச் சேர்க்கிறார். கைதேர்ந்த ஒருவர், தம் குண்டு பெரிய பறவையின் சிறகு போன்ற இடத்தில் மட்டுமே பட்டு, அதனைக் கொல்லாமல் தடுத்து நிறுத்தும் என்று திண்ணமாக அறிந்தால், ஆகும் என்று கொள்ள இடமுண்டு.

இவ்வொரு வரியைத்தான் நாம் ஆண்டுதோறும் விரைந்து கடந்தோம். இதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியுள்ளன. எறிபவர் தேர்ச்சி உடையவராதல் வேண்டும். எங்கே படும் என்பது அவருக்கு எண்ணமாக அன்று, அறிவாக இருத்தல் வேண்டும். பட்டபின் பிராணி உயிரோடு நிற்றல் வேண்டும். மூன்றாவதன் பொருள் தெளிவானது: வேடர் விரைந்து சென்று, உயிர் பிரியுமுன் தம் கையால் அறுக்க வேண்டும். அவ்வாறாயின் அவர் எட்டிப்பிடிக்கும் தொலைவில் இருந்தாக வேண்டும். குறியின் எல்லையை வகுப்பது கண்ணன்று, காலே என்பது இதனால் பெறப்படும்.

பிற மத்ஹபுகளின் நிலையையும் கூறுவது முறை. நம் உள்நாட்டு மாவட்டங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஹனஃபீ மத்ஹபில், 1836இல் மறைந்த இப்னு ஆபிதீன் (ரஹ்), ஈயக்குண்டிற்குக் கூர்முனை இல்லை, அது எரிப்பாலும் பளுவின் வேகத்தாலும் காயப்படுத்துகிறது, எனவே அதனால் இறந்தது ஆகாது என்றார். மாலிகீ அறிஞர் அத்-தர்தீர் (ரஹ்) போன்றோர் ஆகும் என்றனர். யமன் நாட்டு ஷவ்கானீ (ரஹ்), குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் அம்பினைப் போன்றதே என்றார். நம் காலத்து யூஸுஃப் அல்-கர்ளாவி (ரஹ்) அவர்களும் அதனையே ஏற்றார். இருதரப்பாரும் ஊன்றி நிற்பது அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் அறிவித்த ஒரே நபிமொழியில்தான். எறிகோல் துளைத்தால் உண்ணலாம், அகலப் பக்கத்தால் அடித்துக் கொன்றால் உண்ணலாகாது என்பது அதன் கருத்து. குண்டு துளைப்பதா, அடிப்பதா என்பதே வேறுபாடு.

ஆயினும் எத்தரப்பும் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. கொல்லும்போதும் செம்மையாகக் கொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உயிருள்ளதை வெறும் குறிப்பலகையாக்குவதைத் தடுத்தார்கள். சிறு கல்லை விரலிடுக்கில் வைத்துச் சுண்டுவதையும் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, பகையையும் தாக்காது, பல்லை உடைத்துக் கண்ணைக் கெடுக்கும் என்பதே அவர்கள் கூறிய காரணம். பயன் உறுதியில்லாது தீங்கு மட்டும் உறுதியான எறிதல் எக்கருவியால் ஆயினும் இத்தடையின் நிழலில் வந்துவிடும்.

மன்னர்கள் சிலர் இவ்வெல்லையை எவ்வளவு தொலைவு கடந்தனர் என்பதற்கு முகலாயர் ஜஹாங்கீர் சான்று. பன்னிரண்டாம் வயது முதல் ஹிஜ்ரி 1025 வரை தம் முன்னிலையில் 28,532 உயிர்கள் வேட்டையாடப்பட்டன, அவற்றுள் 17,167 தம் கையால் வீழ்ந்தவை என்று அவரே தம் நினைவேட்டில் கணக்கெழுதியுள்ளார். பின்னர்ப் பேரன் ஷுஜா நோயுற்றபோது, இனித் தம் கையால் எவ்வுயிரையும் வதைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டவரும் அவரே. கணக்கு அவருடைய குறியின் திறத்தைக் காட்டுகிறது. நேர்ச்சையோ அத்திறம் அவருக்கு மனநிறைவு தரவில்லை என்பதைக் காட்டுகிறது.

சேர்வராயன் மலையும் சட்டமும்

சேலமும் சேர்வராயன் மலையும் ஹைதர் அலி, திப்பு சுல்தான் (ரஹ்) ஆட்சியின் கீழ் இருந்து, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் கைக்கு மாறின. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார். யமனிலிருந்து பாபா புதன் (ரஹ்) அவர்கள் கொணர்ந்ததாகக் கன்னட நாட்டார் போற்றும் அதே காப்பிதான். தோட்டங்கள் பெருகின, வெள்ளையரின் வேட்டையும் பெருகிற்று. 1857 எழுச்சியின் அச்சம் நீங்காத ஆங்கில அரசு 1878இல் ஆயுதச் சட்டம் இயற்றி இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிற்று, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. தோட்டத்துரைகள் பின்வழித் தோட்டா இடும் புதுத் துப்பாக்கிக்கு மாறியபோதும் மலைக்குடிகள் கையில் வாய்வழித் துப்பாக்கியே நின்றது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நிலையை ஒருவாறு தொடர்ந்தது. அதன் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைத் தனியே குறிப்பிடுகிறது. ஏழை உழவனின் துப்பாக்கி என்று சட்டமே அதற்கு ஓரிடம் வகுத்தது எனலாம். ஆனால் பயிர்க்காவல் உரிமம் வேட்டை உரிமம் ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் விளையாட்டு வேட்டைக்கு இந்நாட்டில் கதவை அடைத்துவிட்டன. காட்டெருமையும் காட்டுப்பன்றியும் இன்று மலைத்தோட்டங்களில் இறங்கிச் சேதம் விளைவிப்பது மெய்யே. அதற்குரிய வழி வனத்துறையை நாடுவதேயன்றிக் கள்ளத் துப்பாக்கி அன்று. நாட்டின் சட்டத்தை மீறிச் சுட்டதைப் பிஸ்மில்லாஹ் கூறிச் சுட்டேன் என்று நியாயப்படுத்துவோர் நம்மவருள் இருப்பின், அவர்கள் ஷரீஅத்தை உணவுத்தட்டிலிருந்து மட்டும் படித்தவர்கள்.

எட்டும் தொலைவு

மாணவருக்கு நாம் எழுதிய மறுமொழி வருமாறு: வாழும் மாநிலத்தின் சட்டம் இரும்புக் குறி என்றால் அதுவே முதல் எல்லை. கண்ணாடி தன்னளவில் குற்றமுடையதன்று. கண் மங்கியவர் தெளிவாகக் காண அதனைக் கொள்வது, கிதாபு ஓத நாம் மூக்குக்கண்ணாடி அணிவதைப் போன்றதே. பிராணியை அரைகுறையாகக் காயப்படுத்துவதிலும் அது நன்று. கெடுதி விளைவது, கண்ணாடி தெளிவைத் தருவதோடு நில்லாமல் துணிவையும் தரும்போதுதான். கண்ணருகே தெரிவது கையருகே உள்ளது என்னும் மயக்கம் அது. ஆகவே, எக்குறி வைப்பினும் கத்தியோடு ஓடிச் சென்று உயிருள்ளபோதே அடையத்தக்க தொலைவிற்குள் மட்டும் சுடுக. எங்கே படும் என்பதை அறியாது, படலாம் என்று எண்ணும் நிலையில் குழலைத் தாழ்த்துக. குண்டால் இறந்ததும் ஆகும் என்னும் அறிஞர்களைப் பின்பற்றினாலும் இவ்விரண்டும் நீங்கா.

இம்மறுமொழியை எழுதும்போது அல்-மாயிதா அத்தியாயத்தின் 94ஆம் வசனம் நெஞ்சில் நின்றது. இஹ்ராமில் இருந்த நம்பிக்கையாளரைக் கைகளும் ஈட்டிகளும் எட்டும் அளவிற்கு நெருங்கிவந்த வேட்டைப் பிராணிகளைக் கொண்டே அல்லாஹ் சோதித்தான். ஹுதைபிய்யா ஆண்டில் அவை கூடாரங்களருகே வந்து நின்றன என விரிவுரையாளர் குறிப்பர். சோதனை அருமையில் இல்லை, எளிமையில் இருந்தது. இன்று கண்ணாடி, தொலைவில் உள்ள ஒவ்வோர் உயிரையும் ஈட்டி எட்டும் தொலைவிற்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அச்சோதனை அதனால் பெருகியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

செம்மநத்தத்திலிருந்து புறப்படும்போது, கண் மங்கியபின் என்ன செய்தீர்கள் என்று அப்பெரியவரிடம் கேட்டோம். "கண்ணு மங்குனா துப்பாக்கிய எறக்கி வைக்கணும் பாய். அதுக்குத்தான் மங்குது" என்று சிரித்தார். மக்காவிலும் பொன்னானியிலும் வாழ்ந்த இரு பேரறிஞர்கள் ஒரு வரியில் வகுத்த நிபந்தனையை, எழுத்தறியாத ஒரு தந்தையிடம் கற்ற ஒருவர் தம் சொல்லில் கூறிவிட்டார். இவ்வாண்டு அப்பாடம் வரும்போது நாம் அதனை விரைந்து கடக்கப்போவதில்லை. உண்மையை நன்கறிந்தவன் அல்லாஹ்வே.